மாலை போட்டால் விட்டுவிடுகிறது, கழற்றினால் ஒட்டிக்கொள்கிறது

கேள்வி: மேடம், வணக்கம். எனக்கு 38 வயது. கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஊர். சொந்தமாகப் பிக்கப் வைத்து, விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை ஏற்றி பேக்டரியில் இறக்குகிறேன். 17 வயதில் பிடித்த சிகரெட், இப்போது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டைத் தாண்டுகிறது. காலையில் சளியோடு இருமலும் வருகிறது. ஆறு வருடமாகக் கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறேன். அந்த 48 நாளும் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. முதல் நாலைந்து நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் நினைப்பே வராது. மலைக்குப் போய் வந்து அம்மா கையால் மாலையைக் கழற்றுகிறேன். அன்று சாயங்காலமோ மறுநாளோ பேக்டரி வரிசையில் வண்டி நிற்கும்போது கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போகிறது. பாக்கெட்டில் ஒன்றும் இருக்காது. இறங்கிப் போய் வாங்கிவிடுகிறேன். இந்தத் தடவை வீட்டுக்காரி, "சாமிக்குப் பயந்து விடுறீங்க, எங்களுக்காக விடமாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா? தைப்பூசத்துக்குப் பழனிக்கும் மாலை போடு, இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்கிறார் அம்மா. போடட்டுமா?

பதில்:

தம்பி, உறுதி இல்லாதவர் என்று உங்களை யாரும் சொல்லிவிட முடியாது. கார்த்திகைக் குளிரில், கோத்தகிரியில், விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் தலைமுழுகுகிற ஆளுக்கு உறுதியைப் பற்றி நான் என்ன சொல்லித்தருவது? ஆறு வருடமாக 48 நாள் விட முடிகிறவருக்கு 49-ஆம் நாள் என்ன ஆகிறது என்பதுதான் எனக்குக் கேள்வி.

உடம்புக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். இரத்தத்தில் ஏறிய நிகோடின் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் ஒரு சிகரெட் முடிந்து கொஞ்ச நேரத்திலேயே அடுத்ததற்கு மனம் துறுதுறுக்கிறது. அடியோடு நிறுத்தினால் எரிச்சல், தூக்கக் குறைவு, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். நீங்கள் எழுதிய 'முதல் நாலைந்து நாள்' அதுதான். ஆக, மாலையைக் கழற்றுகிற அன்று உங்கள் உடம்பில் நிகோடின் பசி என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அப்படியும் கை பாக்கெட்டுக்குப் போகிறது. உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரி இது. ஆசை வந்து புகைக்கிற ஆள் நேராகக் கடைக்குப் போவார், காலிப் பாக்கெட்டைத் தடவிப் பார்க்க மாட்டார். வரிசையில் வண்டி நின்றது, கை போனது. ஆசை அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் கொண்டை ஊசி வளைவு வந்தால் எந்த கியர் என்று யோசித்தா மாற்றுகிறீர்கள்? முதல்முறை மலையேறுகிற சமவெளி டிரைவர் யோசிப்பார். அதனாலேயே மேலே வந்து சேர்வதற்குள் களைத்துப்போவார். ஒரே இடத்தில், ஒரே மாதிரியான நேரத்தில், ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளை அதைப் புத்தி செலவழித்துச் செய்யும் வேலைகளிலிருந்து எடுத்து, ஆழத்தில் இருக்கிற பேசல் கேங்க்லியா என்ற பகுதியின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. அப்புறம் வளைவு கண்ணில் பட்டாலே போதும், கை வேலையை முடித்துவிடும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நம்மால் பல் தேய்த்துச் சட்டை போட்டு வெளியே வருவதற்குள் மதியமாகிவிடும். ஆனால் உங்களைக் காப்பாற்றுகிற பழக்கம் எது, கெடுக்கிற பழக்கம் எது என்று அந்தப் பகுதிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இதில் ஆசைக்கு எவ்வளவு குறைந்த பங்கு என்று காட்டிய ஒரு ஆராய்ச்சி உண்டு. வெண்டி வுட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2011-இல் வெளியிட்டது. சினிமா தியேட்டருக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னும், சிலருக்கு ஒரு வாரத்துப் பழைய பாப்கார்னும் கொடுத்தார்கள். பழையது நன்றாக இல்லை என்று சாப்பிட்டவர்களே சொன்னார்கள். ஆனால் தியேட்டரில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள் அந்தச் சவத்துப்போனதையும் புதியதைத் தின்ற அளவுக்கே தின்று தீர்த்தார்கள். அதே மாதிரியானவர்களைக் கூட்டம் நடக்கிற அறையில் உட்காரவைத்துக் கொடுத்தபோது அப்படித் தின்னவில்லை. தியேட்டரிலேயே, வழக்கமாகத் தின்னாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதும் பழையதை அவ்வளவாகத் தொடவில்லை. இடம் மாறியதும் பழக்கம் விட்டது, கை மாறியதும் விட்டது. இந்தக் கை விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. 1971-இல் வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார் என்று தெரியவந்தது. இத்தனை பேர் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று அரசாங்கமே கலங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊருக்கு வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஹெராயினை விடுவது சுலபம் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தப் பழக்கத்தைச் சுற்றி இருந்த முகாம், கூட்டாளிகள், பயம், சும்மா காத்திருந்த பொழுது, மலிவாகக் கைக்குக் கிடைத்த சரக்கு எல்லாமே ஒரு கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன.

உங்கள் கதை இதற்கு நேர் எதிர். கோத்தகிரியை விட்டு நகராமலேயே 48 நாள் வேறொரு ஊரில் வாழ்கிறீர்கள். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எழுகிற நேரம் வேறு. வெளியில் கை நனைப்பதில்லை என்பதால் டீக்கடைப் பெஞ்சே கிடையாது, வீட்டில் போட்ட டீதான். உடுப்பு வேறு, காலில் செருப்பில்லை. சாயங்காலம் பஜனை, கூட இருப்பவர்கள் எல்லாரும் சாமிமார்கள். 'பேக்டரி வரிசை மட்டும் அதே வரிசைதானே, அங்கே ஏன் கை போகவில்லை?' என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் மாறித்தான் இருந்தது. உங்கள் கழுத்து மணியைப் பார்த்ததும் பற்றவைத்த சிகரெட்டோடு நாலடி தள்ளிப் போயிருப்பார்கள் சக டிரைவர்கள். "வா மாப்ள, ஒண்ணு போடு" என்கிறவர் "சாமி சரணம்" என்று ஒதுங்கியிருப்பார். நாளெல்லாம் ஊரே உங்களைச் சாமி என்று கூப்பிடுகிறது. கூப்பிடுகிற பேருக்கு ஏற்றபடிதான் மனிதர் நடக்கிறார். மாலை கழன்ற மறு நிமிடம் மறுபடி மாப்ளை ஆகிவிடுகிறீர்கள்.

48 நாளில் பழையது அழிந்துபோயிருக்க வேண்டாமா என்றால், பழக்கம் அப்படி அழிவதில்லை. மணி அடித்ததும் எச்சில் ஊறப் பழக்கிய நாய்களுக்கு, உணவு தராமல் மணியை மட்டும் அடித்து அந்த எச்சிலை நிறுத்தினார் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ். கொஞ்ச நேரம் சும்மா விட்டு மறுபடி மணி அடித்தால் எச்சில் திரும்ப வந்தது. பிந்தைய ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஒரு இடத்தில் பழகியதை வேறொரு இடத்தில் மறக்கடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டால், பழையது எழுந்து உட்காரும். பழையதன் மேல் புதியது ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் அந்தப் புதியது மாலையோடு சேர்த்து எழுதப்பட்டுவிட்டது.

நாள் கணக்கு பற்றியும் ஒரு வார்த்தை. 21 நாளில் எந்தப் பழக்கத்தையும் மாற்றலாம் என்று செல்போனில் தினமும் ஒரு வீடியோ வருகிறது. அதன் பூர்வீகம், 1960-இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய குறிப்பு. மாற்றியமைத்த முகம் நோயாளிகளுக்குப் பழக எப்படியும் 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். 'ஆவது' என்பது வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நிஜமாகவே பார்த்தார்கள், 2010-இல் அது அச்சானது. மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, சாயங்காலம் ஓடுவது போன்ற புதிய பழக்கங்கள் யோசிக்காமல் வருகிற நிலைக்கு எட்ட, ஆளுக்கும் வேலைக்கும் தகுந்தபடி 18 நாள் முதல் 254 நாள் வரை ஆனது. நடுவாக எடுத்தால் 66. நம் பெரியவர்கள் சொன்ன ஒரு மண்டலம் ஒன்றும் மோசமான கணக்கில்லை. இந்த 48 நாளில் உங்களுக்கும் புதிய பழக்கங்கள் முளைத்துவிட்டன. விடிகாலைக் குளியல், வீட்டு டீ, சாயங்காலக் கூட்டம். மாலையோடு சேர்த்து அவற்றையும் கழற்றி வைத்துவிடுகிறீர்கள். என் முழு ஆலோசனையும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. மாலையைக் கழற்றுங்கள், மற்றவற்றைக் கழற்றாதீர்கள்.

ஆகவே அம்மா சொன்னபடி பழனிக்குத் தாராளமாக மாலை போடுங்கள். 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்' என்பதற்காக வேண்டாம், 49-ஆம் நாளுக்கு ஏற்பாடு செய்துகொள்ள நல்ல அவகாசம் கிடைக்கிறதே என்று போடுங்கள். போடுவதற்கு முந்தைய நாலைந்து நாள் ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள். எத்தனை சிகரெட் என்ற எண்ணிக்கை எனக்கு வேண்டாம். எங்கே, யாரோடு, அதற்கு ஒரு நிமிடம் முன்பு என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். பாக்கெட் கணக்கில் புகைக்கிறவர்களிடம்கூட இடங்கள் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். காலை டீக்கடை, எடை போடுகிற இடம், பேக்டரி வரிசை, இலை இறக்கி முடித்துக் காசு எண்ணுகிற நேரம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் வாசல்படி என்று உங்களுடையதும் அந்த அளவில்தான் இருக்கும்.

வரிசைதான் இதில் கடினமானது. சீசனில் இலை குவிந்து வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும்போது, கைக்கு வேலை இல்லாத ஆண்கள் பத்துப் பேர் ஒரே இடத்தில் கூடினால் அங்கே சிகரெட் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த இடத்துக்குப் 'பிடிக்கக் கூடாது' என்று தீர்மானம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது நிற்காது. என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள். வண்டி நின்று என்ஜின் அணைந்த உடனே இறங்கி, தார்ப்பாயைச் சுற்றி வந்து கயிற்றைச் சரிபார்ப்பேன், பிறகு வீட்டு பிளாஸ்க்கிலிருந்து ஒரு வாய் குடிப்பேன் என்பதுபோல. இன்ன இடத்தில், இன்னது நடந்த உடனே, இன்னதைச் செய்வேன் என்று இப்படிக் கோத்து வைப்பவர்கள், வெறுமனே உறுதி எடுப்பவர்களைவிட நினைத்ததை அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் காட்டியிருக்கிறார்.

அடுத்தது அந்தச் சட்டைப் பாக்கெட். பாப்கார்ன் தின்றவர்களின் கையை மாற்றியதுபோல உங்கள் கைக்கும் ஒரு தடை போட வேண்டும். நம் மலையில் அதற்குச் சௌகரியம் அதிகம். ஸ்வெட்டரை மேலே போட்டு மார்பு வரை பட்டனை மாட்டிவிடுங்கள். பாக்கெட்டில் ஏலக்காயோ கிராம்போ ஒரு சின்ன டப்பாவில் இருக்கட்டும். கை போகும், பட்டன் தடுக்கும், அந்த ஒரு நொடியில் புத்தி விழித்துக்கொள்ளும். மாலை போட்டிருக்கும்போதே வண்டிக்குள்ளிருந்து லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்தெறிந்து, சீட் துணியைத் துவைத்துப் போடுங்கள்.

டீயைப் பற்றி இலைக்காரரிடம் பேசுவது சங்கடம்தான், இருந்தாலும் சொல்ல வேண்டும். சிகரெட் புகை, கல்லீரல் கஃபீனைக் கரைத்து வெளியேற்றுகிற வேகத்தைக் கூட்டிவிடுகிறது. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறையும். நேற்று குடித்த அதே அளவு டீ இன்று உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை. 'சிகரெட் இல்லாததால்தான் இந்தப் பாடு' என்று நினைத்துப் பலர் திரும்பப் பற்றவைக்கிறார்கள், குற்றவாளி டீயாக இருக்கும். நிறுத்திய உடனே டீயைப் பாதியாக்குங்கள், சாயங்காலத்துக்கு மேல் சுக்குமல்லிக் காபிக்கு மாறிக்கொள்ளுங்கள். பழைய கடையைக் கொஞ்ச மாதம் கும்பிட்டு ஒதுக்கிவிடுங்கள். அங்கே கயிற்றில் கட்டித் தொங்குகிற லைட்டரும் ஒற்றைச் சிகரெட்டும் உங்களுக்காகவே வைத்ததுபோல இருக்கும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்ற பேச்சையும் நம்பாதீர்கள். நிகோடின் தோலுக்குப் போகிற இரத்தக் குழாய்களைச் சுருக்கும். விரல்கள் இன்னும் சில்லிடத்தான் செய்யும்.

சமவெளி டாக்டராக இருந்தால் சாயங்காலம் நடைப்பயிற்சி போங்கள் என்று எழுதியிருப்பார். இருட்டின பிறகு கோத்தகிரித் தேயிலைக்கு நடுவே ஒத்தையடிப் பாதையில் உங்களைத் தனியாக நடக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கரடிக்கும் காட்டெருமைக்கும் யார் பதில் சொல்வது? பஜனைக் கூட்டமே போதும். மாலை இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு நாள் போய் உட்காருங்கள், யாரும் எழுப்பிவிட மாட்டார்கள்.

சக டிரைவர்களிடம் மாலை கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "கழற்றின பிறகும் எனக்கு நீட்டாதீங்கப்பா." இதுவரை கழுத்து சொன்னதை இனி வாய் சொல்ல வேண்டும். முதல் வாரம் கிண்டல் செய்வார்கள். அதில் ஒருத்தராவது தனியாக வந்து 'எப்படி விட்டீங்க' என்று கேட்பார், பாருங்கள்.

ஒருவேளை சறுக்கினால்? இங்கேதான் விரதத்தின் கணக்கும் பழக்கத்தின் கணக்கும் வேறுபடுகின்றன. விரதத்தில் ஒரு பிழை நேர்ந்தால் பங்கம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த மனசோடு சிகரெட்டைப் பார்த்தால், ஒன்று பிடித்ததும் 'எல்லாம் போச்சு' என்று அன்றைக்கே ஒரு பாக்கெட் வாங்கத் தோன்றும். லாலியின் ஆய்வில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பழக்கம் உருவாவதில் சொல்லிக்கொள்கிற மாதிரி பின்னடைவு எதுவும் இல்லை. ஒன்று பிடித்துப் பார்க்கலாம் என்று நான் அனுமதி கொடுக்கவில்லை. நிகோடின் விஷயத்தில் அந்த ஒன்று ஆபத்தானதுதான். பிடித்துவிட்டால் அது எந்த இடம், என்ன நேரம் என்று நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த வேளையிலிருந்து பழையபடி தொடருங்கள்.

வீட்டுக்காரி கேட்டதற்கு வருகிறேன். நியாயமான கேள்வி, ஆனால் பயத்தையும் பாசத்தையும் அவர் தராசில் வைத்துவிட்டார். அந்த 48 நாளும் உங்களைத் தாங்கியதில் அவர் பங்கு எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. விடியுமுன் எழுந்து விளக்கேற்றியது யார், மதியத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தது யார்? அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீ செஞ்சதெல்லாம் சேர்ந்துதான் என்னை விட வெச்சது. மாலை கழட்டின பிறகு அதுல எதை நாம ரெண்டு பேரும் தொடர்ந்து செய்யலாம், நீயே சொல்லு." காலை டீயும் மதியச் சாப்பாடும் வீட்டிலிருந்தே என்று முடிவானால், பாதி இடங்கள் உங்கள் நோட்டிலிருந்து அடிபட்டுவிடும். ஆனால் அதற்காக அவர் ஒருவரே நாலு மணிக்கு எழ வேண்டும் என்று வைத்துவிடாதீர்கள். பிளாஸ்க்கில் டீ ஊற்ற உங்களுக்கும் கை இருக்கிறது.

கூடவே உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் புகையிலையை விடுவதற்கான தேசிய ஆலோசனைச் சேவை இருக்கிறது. முதல் வாரத்து எரிச்சல் தாங்க முடியாமல் இருந்தால் நிகோடின் சூயிங்கம் உதவும். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதை டாக்டரைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலை இருமலை மட்டும் பழனி மாலை வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம். எத்தனை நாளாக என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அங்கே அது இலவசம். டாக்டர் சொன்னால் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். சளியில் இரத்தம் தெரிந்தாலோ, உடம்பு இளைத்துக்கொண்டே போனாலோ, சாயங்காலம் காய்ச்சல் வந்தாலோ இரண்டு வாரம் என்றுகூடப் பார்க்காதீர்கள், நாளைக்கே போங்கள். சிகரெட்டை நிறுத்திய முதல் சில வாரங்களில் சளியும் இருமலும் கொஞ்சம் கூடுவது உண்டு. அதற்காகத் திரும்பப் பற்றவைக்க வேண்டாம்.